புல்லுக்குள் ஒரு பூக்காலம்: நெய்வேலியில் குட்டி ஆர்க்கிட் தேடி...

நெய்வேலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடிதான் ஊருக்குள் நுழைவார்கள். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாலையின் இருபுறமும் குடை பிடிக்கும் மரங்கள், சுரங்கத்தில் ஒரு கட்டடம் உயரத்துக்கு நின்று மண்ணை வாரும் ராட்சத இயந்திரங்கள் என்று அங்கே எல்லாமே பெரிசு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் போகிறவர்கள் கொஞ்சம் குனிந்தும் பார்க்கலாம். புல்லோடு புல்லாக, ஒரு விரல் நீளத்தில் பூத்து நிற்கும் ஆர்க்கிட் ஒன்றைத் தேடுவதற்கு அதுதான் சரியான காலம்.

ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடை அலங்காரத்தில் வரும் ஊதாப் பூக்களும், மரத்தில் தொற்றி வளரும் செடிகளும்தான் நினைவுக்கு வரும். மண்ணில் வேர்விட்டு வளரும் தரை ஆர்க்கிட்களும் ஏராளம். அவற்றில் மிகச் சின்ன வகைகளில் ஒன்று நம் வயல் வரப்பிலும் புல்தரையிலும் யார் கண்ணிலும் படாமல் பூத்துவிட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் இதை ‘லான் ஆர்க்கிட்’ என்கிறார்கள். நாம் புல்தரை ஆர்க்கிட் என்று சொல்லிக்கொள்ளலாம். தாவரவியல் பெயர் சூக்சின் ஸ்ட்ராட்டியூமேட்டிகா. பெயர்தான் செடியைவிட நீளம்!

செடியின் உயரம் பெரும்பாலும் 5 முதல் 20 சென்டிமீட்டர். இலைகள் புல் போலவே ஒல்லியாக, தண்டை ஒட்டி மேல்நோக்கி நிற்கும். வெயில் படும் இடத்தில் தண்டும் இலையும் செம்பழுப்பாக மாறிவிடும். தண்டின் உச்சியில் நெருக்கமாக அடுக்கிய ஒரு சின்னக் கதிர். அதில் அரிசி மணி அளவுக்கு வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு உதடு. கடையில் விற்கும் பெரிய ஆர்க்கிட் பூவில் இருக்கும் அதே அமைப்பு, அரிசி மணிக்குள் அடங்கியிருக்கிறது. நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. முழங்காலிட்டு உட்கார வேண்டும். பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

இதன் பெயருக்குள் ஒரு கதை இருக்கிறது. 1670-களில் இலங்கையில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பால் ஹெர்மன் அங்கே கிடைத்த செடிகளைக் காயவைத்துச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் இந்தக் குட்டிச் செடிக்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் படையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. திடீரென்று ஒருநாள் புல்தரையில் வரிசை வரிசையாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் சிப்பாய்கள் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ‘சோல்ஜர்ஸ் ஆர்க்கிட்’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு.

ஆப்கானிஸ்தானிலிருந்து ஜப்பான் வரை, தெற்கே நியூ கினி வரை இதன் நாடுதான். 1936-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து வரவழைத்த புல் விதையோடு கலந்து போயிருக்கலாம் என்று நம்பப்படுகிறது. பாஸ்போர்ட் இல்லாமல் கடல் கடந்த செடி!

தண்ணீர் பாயும் ஊர்

இந்தச் செடிக்குப் பிடித்த இடங்கள் ஈரமான வயல் வரப்பு, ஏரிக்கரை, தண்ணீர் பாயும் புல்தரை. இவை மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த ஊர் நெய்வேலி.

கடலூர் மாவட்டத்தின் செம்மண் மேட்டில், பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் முந்திரியும் பலாவும் புஞ்சைப் பயிர்களும்தான் இந்தப் பக்கம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைச் சோதிக்கச் சொல்லி அவர் விடாமல் முயன்றதால்தான் பழுப்பு நிலக்கரி வெளியுலகுக்குத் தெரிந்தது. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கும். அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி மின் நிலையங்களுக்குப் போகிறது. இன்னொரு பகுதி பரவனாற்றில் விழுந்து, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. மானாவாரி மேட்டுக்குப் பக்கத்திலேயே ஈர வரப்புகள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டவுன்ஷிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சதுரம் சதுரமாகப் பிரித்த முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள். முகவரி கேட்டால் தெருப் பெயர் வராது, வட்டம் எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும்தான் வரும். வீட்டைச் சுற்றி இடம் இருப்பதால், சென்னை அடுக்குமாடிக்காரர்கள் பெருமூச்சு விடும் அளவுக்குத் தோட்டம் போட முடியும். வாழை, முருங்கை, கறிவேப்பிலை, வாசலில் செம்பருத்தி. கொஞ்சம் ஆசைப்படுகிறவர்கள் முன்பக்கம் புல்தரையும் போட்டுவிடுவார்கள்.

அங்கேதான் குனிய வேண்டும்.

எப்போது, எப்படித் தேடுவது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் தேடலைத் தொடங்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். தைப்பூசத்துக்கு வடலூர் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் பார்க்க வருகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் நெய்வேலியில் அரை நாள் ஒதுக்கினால் இரண்டு வேலையும் முடிந்துவிடும். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்துகள் பல விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக வருகின்றன. ஆர்ச் கேட்டில் இறங்கினால் உள்ளே போக ஆட்டோ கிடைக்கும். சுரங்கத்துக்குள் மட்டும் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது. பெரிய நடராஜர் சிலை உள்ள சிவன் கோயிலையும் மெயின் பஜாரையும் பார்க்க அனுமதி எதுவும் வேண்டாம்.

காலை எட்டு, ஒன்பது மணி வெயில் சாய்வாக விழும்போது தேடுவது எளிது. பச்சைப் புல்லுக்கு நடுவே செம்பழுப்பாக ஒரு தண்டு தனித்துத் தெரியும். முதலில் கோரை முளை என்றுதான் தோன்றும். உச்சியில் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அப்படியே அசையாமல் நின்று சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் இன்னும் பத்து இருக்கலாம், உங்கள் செருப்புக்கு அடியிலும் ஒன்று இருக்கலாம்.

படம் எடுக்க ஒரு யோசனை. செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா தரையை ஒட்டி வந்துவிடும். பூவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியோ காய்ந்த பலா இலையோ வைத்தால் வெள்ளைப் பூ பளிச்சென்று விழும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் பூ எவ்வளவு சின்னது என்று வாட்ஸ்அப்பில் பார்க்கிற சித்தப்பாவுக்கும் புரியும்.

ஒரு வருடம் கண்ட இடத்தில் மறு வருடமும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பூத்து, காய்த்து, வெயில் ஏறும்போது தண்டு காய்ந்து மறைந்துவிடும். அடுத்த ஆண்டு நாலு முழம் தள்ளி முளைக்கலாம், பக்கத்து வீட்டு வேலிக்குள்ளும் முளைக்கலாம்.

பெயர்த்து எடுத்தால் வராது

அழகாக இருக்கிறதே என்று தொட்டிக்கு மாற்ற ஆசை வரும். வேண்டாம். ஆர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. நெல்லுக்கும் அவரைக்கும் விதைக்குள்ளேயே முளைக்குத் தேவையான சாப்பாடு இருக்கும். ஆர்க்கிட் விதைக்குள் அது கிடையாது. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட சில பூஞ்சைகள் விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கவே செய்யும். 1899-ல் நோயல் பெர்னார் என்ற இளம் பிரெஞ்சு தாவரவியலாளர், காட்டில் கிடந்த ஒரு தரை ஆர்க்கிட்டின் முளைகளைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அதுவரை விதையைத் தூவிவிட்டு ஏன் முளைக்கவில்லை என்று தோட்டக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, புல்தரை ஆர்க்கிட் என்பது செடி மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும், ஈரமும், மட்கிய புல்லும் சேர்ந்த ஒரு கைப்பிடி மண்ணும்கூட. செடியைப் பிடுங்கலாம், அந்த மண்ணை முழுசாகப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

நெய்வேலிக்காரர்களுக்கு இது வேறு விதத்திலும் உறைக்கும். டவுன்ஷிப்பில் வீடு சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் இருந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது குரோட்டன்ஸ் தொட்டிகளும் ரோஜாத் தொட்டிகளும் லாரியில் ஏறிவிடும். பலா மரம் ஏறாது. பிள்ளைகள் விளையாடிய புல்தரையும், அதில் பூத்த ஆர்க்கிட்டும் அடுத்து வரும் குடும்பத்துக்குத்தான். அவர்களுக்கு அது தெரியுமா என்பது வேறு விஷயம்.

சுரங்கத்தின் கணக்கு இன்னும் பெரிசு. நிலக்கரியைத் தொட, மேலே இருக்கும் பல பத்து மீட்டர் மண்ணையும் மணற்கல்லையும் நீக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான மேல்மண் அதோடு போகிறது. தோண்டி முடித்த பகுதிகளை நிரப்பி மரக்கன்று நடுகிறார்கள். அங்கே பசுமை வந்திருப்பதை மறுக்க முடியாது. ஆனால் மரக்கன்றை நர்சரியில் வாங்கி நடலாம், பூஞ்சையும் புழுவும் நிறைந்த பழைய மண்ணை வாங்க முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது ஏக்கருக்கு என்ன விலை, எத்தனை பேருக்கு வேலை என்றுதான் பேச்சு நடந்தது. அது நியாயமான பேச்சு. வரப்பில் என்ன முளைத்திருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாம் முடிந்துபோனது என்று நினைக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுத்துக் கைவிட்ட நிலங்கள் உண்டு. அங்கே சில இடங்களை அப்படியே விட்டுவைத்ததில், காற்றில் வந்த விதையிலிருந்து தரை ஆர்க்கிட்கள் தானாகவே முளைத்துக் கூட்டம் கூட்டமாகப் பூக்கின்றன. இந்தோனேசியாவில் 1883-ல் க்ரகடோவா எரிமலை வெடித்துத் தீவு முழுக்கச் சாம்பலானது. பதினைந்து வருடம் ஆவதற்குள் அந்தச் சாம்பல் மேட்டில் தரை ஆர்க்கிட்கள் வந்து சேர்ந்திருந்ததைத் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தொட்டியில் வளர்க்க

க்ரகடோவாவுக்கு முதலில் வந்தவற்றில் ஒன்றுதான் ஸ்பேத்தோகுளோட்டிஸ். நர்சரியில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இலை தென்னங்கன்று இலையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் பூக்கும். ஒரே தண்டில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மலர்வதால் வாரக்கணக்கில் பூ இருந்துகொண்டே இருக்கும். முழு வளர்ச்சியில் முழங்கால் உயரத்தைத் தாண்டிவிடும். இடம் இல்லாதவர்கள் குட்டை ரகமாகக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆர்க்கிட் என்றால் ஏசி வேண்டும், கண்ணாடி வீடு வேண்டும் என்ற பயம் இதற்குத் தேவையில்லை. கடலூர் வெயிலையும் தாங்கும், உச்சி வெயிலில் மட்டும் ஒரு மரநிழல் இருந்தால் போதும். செம்மண், மணல், மட்கிய இலை மூன்றையும் கலந்து, கூடவே தேங்காய் மட்டைத் துண்டுகள் கொஞ்சம் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள். தண்ணீர் அடியில் தேங்கக் கூடாது. பலரும் செய்யும் தவறு, கிழங்கை ஆழப் புதைப்பது. சின்ன வெங்காயம் அளவில் இருக்கும் அந்தக் கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். புது இலை விடும் காலத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிட வேண்டும். மழைக்காலத்து நத்தை இளம் பூந்தண்டைத் தின்றுவிடும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. இரண்டு வருடத்தில் தொட்டி நிறைந்துவிடும். பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். டவுன்ஷிப்பில் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் வட்டம் விட்டு வட்டம் போகும்.

குட்டியாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு லுடீசியா என்று ஒன்று இருக்கிறது. ‘ஜுவல் ஆர்க்கிட்’ என்று விற்பார்கள். கறுஞ்சிவப்பு வெல்வெட் துணியில் செம்புக் கம்பியால் கோடு போட்டது போன்ற இலை. பூ வராத நாளிலும் இலைக்காகவே பார்த்துக்கொண்டிருக்கலாம். குளிர்காலத்தில் சின்ன வெள்ளைப் பூக்கள் கதிராக வரும். இதற்கு நேரடி வெயில் ஆகாது. வீட்டுக்குள் ஜன்னல் ஓரம், அல்லது குடிதண்ணீர்ப் பானை வைத்த மூலை. தண்டை ஒடித்து ஈர மண்ணில் வைத்தால் வேர் பிடித்துவிடும். கோடையில் மட்டும் தினமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இதே கரையின் பழைய ரசிகர்கள்

இந்தச் சோழமண்டலக் கரையில் ஆர்க்கிட்டைக் குனிந்து பார்த்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து, சுற்றியிருந்த செடிகளையெல்லாம் ஆராய்ந்தார். இந்தப் பகுதியின் புதர்க்காட்டில் வளரும் யூலோஃபியா என்ற தரை ஆர்க்கிட் ஒன்றின் அறிவியல் பெயரோடு அவர் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட், ஆயிரக்கணக்கான தாவரப் படங்களை வெளியிட்டார். அவற்றை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரு நம்மூர் ஓவியர்கள். ஒரு தரை ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயா’ என்று தன் ஓவியர் பெயரையே வைத்தார். பிற்காலத்தில் வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கில் இல்லாமல் போனது. இருந்திருக்கலாம்!

கடலூர்ப் பக்கம் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி போன்ற இடங்களில் மிஞ்சியிருக்கும் கோயில் காடுகள் இந்தக் கரையின் பழைய காடு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. அங்கே போனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாமி காட்டில் சுள்ளி ஒடிப்பதற்கே ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சாலாமிசிரி இருக்கிறதே, அதுவும் தரை ஆர்க்கிட் கிழங்குதான். ஒரு செடியிலிருந்து கிடைப்பது ஒன்றிரண்டு கிழங்கு. தோண்டினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. உலகில் உள்ள ஆர்க்கிட் இனங்கள் அனைத்துமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் இப்படித் தோண்டித் தீர்த்ததுதான்.

அகத்தியமலையில் மட்டும் வளரும் ட்ரூரி ஆர்க்கிட் அதற்கு நல்ல உதாரணம். மஞ்சள் பூவில் பழுப்புக் கோடு, செருப்பு போன்ற உதடு. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட் அது. சேகரிப்பவர்கள் வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, காட்டில் அநேகமாக இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். தரை ஆர்க்கிட்களைக் கூட்டமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போய் மலையேற வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வாசலே போதும். ஒரே ஒரு சிக்கல், பொங்கல். வீட்டைச் சுத்தம் செய்யும்போது புல்தரையையும் மொட்டையடித்துவிடுவது வழக்கம். பூ வரும் நேரமும் அதேதான். புல் வெட்ட வருகிறவரிடம், “அண்ணே, அந்தக் குழாயடி மூலையை மட்டும் மாசி வரைக்கும் விட்டுடுங்க” என்று சொல்லி, அடையாளத்துக்கு நாலு குச்சி நட்டு ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும். மாசிக் கடைசியில் தண்டு காய்ந்து, விதை காற்றில் போய்விட்டிருக்கும். அதன் பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவர் வழக்கம்போல வெட்டிக்கொள்ளலாம்.